உடைக்காத குப்பிகள்

இந்த அறையில் போட்டிருக்கும் நாற்காலிகள் தாழ்வாக இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்களை இப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. உட்காரும்போது ஒன்றும் தெரியாது. எழுந்திருக்கும்போதுதான் உயிர் போய் உயிர் வரும். எனக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு என்னைவிட வயதான யாராவது இங்கே வந்து உட்கார நேரலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நேற்று நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்ததை வாங்கிப் படித்தேன். நான் முழங்கால் என்று சொன்ன இடமெல்லாம் முழங்கை என்று அடித்துவைத்திருக்கிறார். கேட்டால், “எல்லாம் மூட்டுதானே சார்” என்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரைகுறையாகக் கேட்டு அரைகுறையாகச் செய்பவர்களை வைத்துத்தான் எல்லா அலுவலகமும் ஓடுகிறது. அதனால் தாள் வாங்கி நானே எழுதித் தருகிறேன். என் மனைவி இறந்துபோனதற்கு யார் காரணம் என்றுதானே கேட்கிறீர்கள். முதலிலிருந்து எழுதினால்தான் அது உங்களுக்குப் புரியும்.

எங்கள் மருத்துவமனையில் முழங்கால் ஆபரேஷன் செய்பவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். ஆள் என் தோள் உயரம்தான் இருப்பார். முழங்காலில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே கிழிந்து கிடக்கும் சவ்வைச் செதுக்கிச் சரிசெய்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வருவார். வீட்டார் கூட்டமாக நின்று கும்பிடுவார்கள். அவரும் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். வலி அதற்குப் பிறகுதான் வரும். நோயாளி வீட்டுக்குப் போய் நடக்கப் பழகும்போது மூட்டு வீங்கிக்கொண்டு வலிக்கும். அப்போது பெரிய டாக்டரைப் பிடிக்க முடியாது. “ஊசி டாக்டர்கிட்ட போங்க” என்று மாடிக் கோடியில் இருக்கும் என் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஊசி டாக்டர் என்பது நான்தான். எத்தனையோ வருடம் படித்து வாங்கிய பட்டத்துக்கு மருத்துவமனை ஊழியர்கள் வைத்த பெயர் அது.

மூட்டுக்குள் ஊசி போடுவதற்கு ஒரு முறை உண்டு. அதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள், பின்னால் உங்களுக்குத் தேவைப்படும். முதலில் மூட்டில் தேங்கியிருக்கும் நீரை ஊசியால் கொஞ்சம் இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் தெளிவாக இருந்தால் வலி மருந்தைச் செலுத்தலாம். கலங்கியிருந்தால் உள்ளே கிருமி புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது எதையும் செலுத்தாமல், இழுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்து, விரல் அளவுள்ள கண்ணாடிக் குப்பியில் வரும். குப்பியின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து உடைத்தால் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அறை அமைதியாக இருந்தால் எல்லோருக்கும் கேட்கும், ஆனால் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை. நோயாளிகள் ஊசியைப் பார்த்து மிரளக் கூடாது என்பதற்காக நான் எப்போதும் துணித் திரைக்குப் பின்னால் நின்றுதான் மருந்தை ஏற்றுவேன்.

வலி என்று வருகிறவர்களை நான் பார்த்த அளவுக்கு நீங்கள் திருடர்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உண்மையில் வலிக்கிறவன் பேச மாட்டான். பேசுகிறவனுக்கு வலி பாதி, நாலு பேர் கவனிக்க வேண்டும் என்ற ஆசை பாதி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருவார். வலி எங்கே தோன்றி எந்தப் பக்கமாகப் பாய்ந்து எங்கே போய்ச் சேருகிறது என்று ஆற்றைப் பற்றிப் பாடம் நடத்துவது மாதிரி விளக்குவார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், ஊசி இன்னும் உறையில் இருக்கும்போதே மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பாவம், அந்தப் பெண்ணின் கைதான் சிவந்துபோகும். இவர்களையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பையும் ஒட்டவைத்துக்கொண்டு நிற்பதற்கு எனக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

ஆரம்பித்துவைத்தது ஒரு வங்கி மேலாளர். அன்றைக்கு மருந்துக் கிடங்கிலிருந்து குப்பிகள் வந்துசேரவில்லை. மனிதர் என் மேஜையில் படுத்துக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். “முடியல டாக்டர், ஏதாவது பண்ணுங்க, சும்மா நிக்கறீங்களே” என்றார். திரைக்குப் பின்னால் போனேன். புண் கழுவுவதற்கு வைத்திருந்த சலைன் பாட்டில் அங்கே இருந்தது. வெறும் உப்புத் தண்ணீர். அதை ஊசியில் ஏற்றி அவர் மூட்டுக்குள் போட்டேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. மருந்து வரும்வரைக்கும் அவர் வாயை மூட வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். காலை மடக்கினார், நீட்டினார். அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “டாக்டர், கைராசின்னா இதுதான். பெரிய டாக்டர் ஆபரேஷன் பண்ணியும் போகாத வலி, உங்க கை பட்டதும் ஓடிப்போச்சு பாருங்க” என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஒரு வங்கியையே நிர்வாகம் செய்கிறவர், வைரக் கல்லுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரிந்தவர், உப்புத் தண்ணீருக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

படித்தவர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். மருந்து போட்டதாக நம்பினால் வலி கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு திரும்பி வரும் என்பார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் மேலாளர் திரும்பி வரவில்லை. அவருக்குப் பதிலாக அவர் அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். மைத்துனர் வந்தார், மைத்துனரின் சம்பந்தி வந்தார், யார் யாரோ வந்தார்கள். எல்லோர் வாயிலும் அதே சொல். கைராசி டாக்டர் எந்த அறை என்று வாசலில் கேட்டுக்கொண்டே ஏறி வந்தார்கள். ஊசி டாக்டர் என்ற பெயர் போய்விட்டது.

எல்லோருக்கும் தண்ணீர் போட்டேன் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அது தவறு. ஆளைப் பார்த்துத்தான் போட்டேன். அதிகமாகச் சத்தம் போடுகிறவர்களுக்கு முதலில் தண்ணீர். பிறகு, மிகையாகப் பேசுகிறவர்களுக்கு. பிறகு, என்னிடம் வந்தும் பெரிய டாக்டரின் புகழையே பாடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு. போகப் போக, திரைக்குப் பின்னால் குப்பியைக் கையில் எடுத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். மருந்து போட்டு வலி போனால் அது மருந்தின் வேலை. அதில் என் பங்கு என்ன இருக்கிறது. குப்பியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

வலி போகவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஒரு தையற்காரம்மா இருந்தார். காலால் மிஷினை மிதிக்க முடியவில்லை, பிழைப்பு போகிறது என்று மூன்று நான்கு முறை வந்தார். “ஊசி போட்டாலும் அப்படியேதான் இருக்கு டாக்டர்” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உடற்பயிற்சி ஒழுங்காகச் செய்யவில்லை என்று திட்டி அனுப்பினேன். பிறகு அவரைக் காணவில்லை. வேறு எங்கேயோ போய்விட்டார் என்று நினைக்கிறேன். நன்றி இல்லாதவர்கள் அப்படித்தான்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் திருடவில்லை. போடாமல் விட்ட குப்பிகள் எல்லாம் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தன. ஒன்றைக்கூட வெளியே கொண்டுபோனதில்லை. அந்த ஒழுக்கத்தை நீங்கள் எந்த மருத்துவமனையிலும் பார்க்க முடியாது. சலைன் பாட்டிலும் அங்கேயேதான் இருந்தது. வார்டிலிருந்து அடிக்கடி புது பாட்டில் கேட்டால் நர்ஸ் ஏன் எதற்கு என்பாள். அதனால் திறந்த பாட்டிலையே வைத்து ஓட்டினேன். அது எப்போது திறந்தது என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

இனி என் மனைவி.

அவள் சின்னக் குழந்தைகளின் பள்ளியில் ஆசிரியை. எழுத்துகூடச் சரியாகத் தெரியாத பிள்ளைகளோடு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. படித்த பெண் ஆயுள் முழுக்க அதைச் செய்துகொண்டிருந்தாள், அதிலும் சந்தோஷமாக. அவள் காது விசேஷமான காது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போதே, முதுகுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை கிரேயானை உடைத்தது என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பள்ளி விழாவில் இதை ஒரு வேடிக்கையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். நானும் ஒருமுறை போய்ப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன்.

ஒரு பிள்ளைக்கு ஷூ நாடா கட்டிவிட்டு எழுந்திருக்கும்போது அவளுக்கு முழங்கால் முறுக்கிக்கொண்டது. சவ்வு கிழிந்திருந்தது. பெரிய டாக்டர்தான் ஆபரேஷன் செய்தார். அதை நான் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே செய்தார். படுக்கையில் படுத்துக்கொண்டு அவரிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“மறுபடியும் தரையில உக்கார முடியுமா டாக்டர்?”

“ஏன் முடியாது? நல்லா சம்மணம் போட்டே உக்காரலாம். வலி இருந்தா ரெண்டு மூணு ஊசி. அதுக்குத்தான் வீட்டுலயே கைராசிக்காரர் இருக்காரே” என்று அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கிண்டல்தான். எனக்குப் புரியாமல் இல்லை.

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவள் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வந்த சொல் ஒன்றே ஒன்று, பரவாயில்லை. அவள் விரலில் ஏறிய முள்ளை ரத்தம் வராமல் எடுத்துவிட்டேன், பரவாயில்லை என்றாள். மருத்துவமனையில் எனக்குத் தனி அறை கொடுத்தார்கள், பரவாயில்லையே என்றாள். விடுமுறைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் முடியாது என்றேன், அதற்கும் பரவாயில்லைங்க என்றாள். ஊரே என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. என் வீட்டில் மட்டும் அந்தக் கைக்கு ஒரு மரியாதை இல்லை. அவள் என்னைக் குறைத்துப் பேசியதே கிடையாது என்று அவள் தம்பி உங்களிடம் சொல்லியிருப்பான். குறைத்துப் பேசுவது வேறு, ஒன்றும் பேசாமலிருப்பது வேறு. இரண்டாவது எவ்வளவு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் மூட்டு வீங்கியது. என் அறைக்கு வந்து, மற்ற நோயாளிகளைப் போலவே மேஜையில் படுத்தாள். நர்ஸ் பக்கத்தில் நின்றாள். இழுத்துப் பார்த்த நீர் தெளிவாக இருந்தது. திரைக்குப் பின்னால் போனேன். குப்பியைக் கையில் எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எடுத்தேன். அப்போது அந்த எண்ணம் வந்தது. மருந்தைப் போட்டு வலி போனால் அவள் மருந்துக்குத்தான் பரவாயில்லை என்பாள். மருந்து இல்லாமல், வெறும் என் கை பட்டே போனால், அதற்குப் பிறகு அவள் சொல்லித்தானே ஆக வேண்டும். குப்பியை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சலைனை ஏற்றினேன். நான் அவளை வெறுத்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பது அபாண்டம். அவளுக்கு என் மேல் ஒரு மதிப்பு வரவேண்டும் என்றுதான் செய்தேன். எந்தக் கணவன்தான் அதை விரும்ப மாட்டான்.

“சார் கைராசிக்கு மேடம் அடுத்த வாரமே பிள்ளைங்களோட ஓடிப் பிடிச்சு விளையாடுவாங்க பாருங்க” என்றாள் நர்ஸ்.

மனைவி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “பரவாயில்லைங்க” என்றாள்.

அடுத்த வாரம் இரண்டாவது ஊசி. அந்த வாரத்தில் ஒருநாள், நான் வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் படுக்கையறையில் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய்த் தூக்கியிருக்கலாம். ஆனால் தூக்கினால் வலிக்கிறது என்பாள், வலிக்கிறது என்றால் கைராசி என்ன ஆவது. சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

இரண்டாவது ஊசிக்கும் தண்ணீர்தான். திரும்பி வரும்போது காரில் கேட்டாள்.

“ஏங்க, அந்தச் சின்ன கண்ணாடி பாட்டிலை உடைச்சா சத்தம் கேக்குமா?”

“ஏன் கேக்கற?”

“சும்மாதான். எனக்கு முன்னாடி ஒரு பெரியவருக்குப் போட்டீங்களே, வெளிய பெஞ்சில உக்காந்திருந்தேன். டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.”

குழந்தைகளோடு இருந்து இருந்து குழந்தை மாதிரி கேட்கிறாள் என்று நினைத்தேன். அந்தப் பெரியவர் அமைதியான மனிதர், அவருக்கு மருந்து போட்டிருந்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தேன். வீடு வந்து சேரும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது ஊசிக்கு அவளாக வரவில்லை, நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். மூட்டு சூடாக இருந்தது. மேஜையில் படுத்ததும், நான் கேட்காமலே, நர்ஸின் முன்னாலேயே சொன்னாள்.

“எல்லாரும் உங்க கைராசியப் பத்திச் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தாங்க தோணுது. உங்க கை ராசியான கை.”

அந்த நிமிடத்தை நான் எப்படி எழுதுவேன். பெரிய டாக்டர் காரில் ஏறும்போது அவருக்கு என்ன தோன்றும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, நர்ஸ் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தோடுதான் அவள் மூட்டிலிருந்து நீரை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

அப்போது நான் நன்றாக யோசித்தேன். பதற்றப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். இதைப் பரிசோதனைக்கு அனுப்பினால், உள்ளே கிருமி இருக்கிறது என்று வரும். ஆபரேஷன் செய்த காயம் எப்போதோ ஆறிவிட்டது, கிருமி எந்த வழியாகப் போனது என்று பெரிய டாக்டர் கேட்பார். என்ன ஊசி போட்டாய், எந்தப் பாட்டிலிலிருந்து போட்டாய் என்று இழுப்பறையைத் திறப்பார். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த ஒரு சொல், அவள் வாயிலிருந்து வந்து இன்னும் ஆறக்கூட இல்லை. அதை அந்தக் குள்ள மனிதரின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இழுத்த நீரைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

“கலங்கலா இருந்த மாதிரி இருந்துச்சே சார். லேபுக்கு அனுப்பலையா?” என்றாள் நர்ஸ்.

“வெளிச்சம் சரியில்ல” என்றேன்.

திரைக்குப் பின்னால் போய் அதே பாட்டிலிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து போட்டேன். கலங்கிய மூட்டுக்குள் மருந்து செலுத்தக் கூடாது என்பது விதி. நான் செலுத்தியது மருந்து இல்லை. அந்த வகையில் விதியை நான் மீறவில்லை. என் கையை அவள் முழங்காலின் மேல் சிறிது நேரம் வைத்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. பெரிய டாக்டர் போன் செய்து விசாரித்தபோது, சாதாரண சளிக் காய்ச்சல், கால் நன்றாக இருக்கிறது என்றேன். பள்ளிக்கும் அதையே சொன்னேன். காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன், வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தேன், போர்வையை மாற்றினேன். என்னளவு மனைவியைக் கவனித்துக்கொள்பவர்கள் குறைவு என்பதை எங்கள் மாடிக்குடித்தனக்காரர்களே சொல்வார்கள். கால் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் “பரவாயில்லைங்க” என்றாள். கடைசியில் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. போர்வை கால் மேல் பட்டாலே உடம்பு முழுக்க உதறியது. அப்போதும் அதையேதான் சொன்னாள். ஒரு மருத்துவன் நோயாளியின் சொல்லை நம்பக் கூடாது என்றால் வேறு எதை நம்புவது.

நர்ஸ் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். கூப்பிடாத இடத்தில் மூக்கை நுழைப்பதில் அந்த அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். என் எதிரிலேயே நின்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

பெரிய டாக்டர் மூட்டைத் திறந்து கழுவினார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையைத் தூக்கிக் காட்டவும் இல்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். “ஒரு வாரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காலையும் காப்பாத்தியிருக்கலாம், உயிரையும் காப்பாத்தியிருக்கலாம். உனக்குத் தெரியாதாய்யா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இந்த மனிதர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு அவர் அழுதார். ஆபரேஷன் செய்கிறவர்களுக்கு அழத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கொஞ்சம் மிகையாகத்தான் இருந்தது.

தீவிர சிகிச்சை அறையில் என்னை உள்ளே விட்டார்கள். அவள் கட்டிலின் தலைமாட்டில் ஒரு நர்ஸ் ஏதோ மருந்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள். டக்கென்று குப்பி உடைகிற சத்தம் கேட்டது. மனைவி கண்ணைத் திறந்தாள். சத்தம் வந்த பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“கைராசின்னு நீங்க கேக்க ஆசப்பட்டதத்தான் சொல்லிட்டேனேங்க. அப்பறமும் ஏங்க உடைக்கல?”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அன்று மாலையே போய்விட்டாள். காய்ச்சல் மூளைக்கு ஏறினால் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த அறையில் இருந்த நர்ஸ் அதைக் கேட்டுவிட்டு ஊரைக் கூட்டியதால்தான் இவ்வளவும். எல்லோரும் மாடிக் கோடிக்கு ஓடிப்போய் என் இழுப்பறையை இழுத்தார்கள். குப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. பாட்டிலின் அடியில் வழவழவென்று ஏதோ படிந்திருந்ததாம். நான் இல்லாத நேரத்தில் என் மேஜையைத் தொட அவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். இரண்டாவது ஊசியிலேயே தெரிந்துவிட்டது, புருஷன் மானம் நர்ஸ் முன்னால் போகக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டால் மருந்தைப் போட்டுவிடுவான் என்று நம்பினாள் என்கிறீர்கள். அப்படியென்றால் தவறு யாருடையது. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியதுதானே. ஒரு கண்ணாடிச் சத்தத்தைக் கேட்கத் தெரிந்த காதுக்காரி, வாயைத் திறக்கத் தெரியாமல் இருந்தால் அதற்கு நான் பொறுப்பா. அவள் சொன்ன அந்தச் சொல் பொய் என்று நீங்கள் சொல்வதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். தெரிந்துதான் தண்ணீர் போட்டேன். கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் போட்டேன். கிருமி என்று தெரிந்துதான் சளிக் காய்ச்சல் என்றேன். இதைவிடத் தெளிவாக உங்கள் எழுத்தரால் அடித்துத் தர முடியாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இங்கே வந்ததிலிருந்து இந்தத் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வலது முழங்கால் வீங்கிக்கொண்டது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே பொறுக்க முடியாத வலி. நாளைக் காலையில் ஒரு டாக்டரை அனுப்பி மூட்டுக்குள் ஊசி போடச் சொல்வதாக நீங்கள் சொன்னீர்கள். மிகவும் நன்றி. வருகிறவர் நல்ல கைராசிக்காரர் என்றும் உங்கள் காவலர் சொன்னார். எனக்குக் கைராசி எதுவும் வேண்டாம். திரை போடாமல் என் பக்கத்திலேயே நின்று, என் காதில் விழும்படி குப்பியை உடைக்கச் சொல்லுங்கள்.